முன்னுக்கு ஜேர்மன், பின்னுக்கு மட்டக்களப்பு

மட்டக்களப்பு வாவியில் பௌர்ணமி இரவுச் சவாரிக்குப் போகிறீர்களா? முன்வரிசை இருக்கைக்கு அடிபடாதீர்கள். கடைசியில், எஞ்சினுக்குப் பக்கத்தில், மண்ணெண்ணெய்க் கலனுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் பலகை ஒன்று கிடக்கும். எனக்குக் கிடைத்தது அந்த இடம்! வந்தது ஜேர்மன் குழு. விளக்கம் எல்லாம் ஜேர்மன் மொழியில். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அதனால்தான் அந்த மாலை எனக்கு இத்தனை இனித்தது. எப்படி என்று கேட்பீர்கள். வாருங்கள், துறையிலிருந்தே தொடங்குவோம்.

கல்லடிப் பக்கத்தில், தென்னைகளுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் சின்னத் துறை அது. விருந்தாளிகள் நாலரைக்கு வருவார்கள். நான் மூன்று மணிக்கே போய்விட்டேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நடப்பதை அவர்கள் பார்ப்பதே இல்லை. செம்மஞ்சள் பாதுகாப்பு ஜாக்கெட்டுகள் கிடுகு வேலி நெடுகக் காய்கின்றன. கச்சான் காற்று அனல் பறக்க அடிக்கிறது; ஜாக்கெட்டுகளுக்கு நல்லது, மனிதருக்குப் பொல்லாதது. ஒரு பையன் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்க்கிறான். மீன் வாடை அடித்தால் இடப்பக்கம், அடிக்காவிட்டால் வலப்பக்கம். இடப்பக்கத்துக் குவியல் வள்ளக்காரருக்கும் எனக்கும். வலப்பக்கத்துக் குவியல் வெள்ளைக்காரருக்கு.

வள்ளக்காரர் அறுபதைத் தாண்டியவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சுருட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்தபடி எஞ்சினின் மூடியைத் திறந்து எதையோ ஊதுகிறார். "பிள்ளை, அந்தச் சிரட்டைய எடு. பின்னுக்கு இருக்கிறதெண்டா தண்ணி இறைக்கோணும், சரியா?" சரி என்றேன், துள்ளாத குறையாக. தண்ணீர் இறைக்கும் உத்தியோகம் கிடைத்துவிட்டது. இனி நானும் வள்ளத்து ஆள்!

பக்கத்துக் குசினிக்குள் எட்டிப் பாருங்கள். அவருடைய மனைவி இறால் வடை தட்டிக்கொண்டிருக்கிறார். அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு சட்டி மா. ஒன்றில் பச்சைக் கொச்சிக்காய் கண்ணுக்குத் தெரியாத அளவு, மற்றதில் பச்சைப் பசேலென்று. முதலாவது சட்டி விருந்தாளிகளுக்கு. "போன வருசம் ஒரு பிழை நடந்து போச்சு மகள். சட்டி மாறிட்டு. ஒரு ஐயா வாவித் தண்ணியக் குடிக்கப் பாத்தார்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கரண்டி கை நழுவி எண்ணெய்க்குள் விழுந்தது. இரண்டாவது சட்டி யாருக்கு என்று கேட்டேன். "எங்களுக்குத்தான். எல்லாம் முடிஞ்ச பிறகு." அந்தச் சட்டியை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஐஸ் பெட்டிமேல் ஒரு சிறுமி கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். வள்ளக்காரரின் பேத்தி. சுவிஸில் சூரிச் பக்கத்தில் பிறந்து வளர்கிறவள், கோடை விடுமுறைக்கு அம்மாவோடு வந்திருக்கிறாள். இவளை மறந்துவிடாதீர்கள். இந்த மாலையைத் தலைகீழாகப் புரட்டப் போகிறவள் இவள்தான்.

வழிகாட்டி மூன்றரைக்கு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். கழுத்தில் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அட்டை, கையில் கறுப்புக் குடை, கக்கத்தில் ஓரம் கிழிந்த கொப்பி. சிங்களவர். பேருவளைப் பக்கத்து ஹோட்டல்களில் இளவயதில் வேலை செய்தபோது ஜேர்மன்காரர்களிடம் கேட்டுக் கேட்டுப் பிடித்த மொழியை, பிறகு கொழும்பில் கோதே நிறுவனத்தில் முறையாகப் படித்தாராம். தென்மேற்குக் கரையில் இப்படி ஒரு தலைமுறையே இருக்கிறது. ஜேர்மன் சுற்றுலாக் குழுக்கள் வந்திறங்கிய கடற்கரைகள் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். வள்ளக்காரர் இவரை 'மாத்தயா' என்கிறார். இவர் வள்ளக்காரரை 'அண்ணே' என்கிறார். ஒருவருடைய மொழி மற்றவருக்கு அரைகுறை. ஆனால் அன்று மாலை அந்த இருவரும் சேர்ந்து செய்த வேலையின் நேர்த்தியை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை.

காரியாலயக் கூட்டம் மணலில் நடந்தது. மாத்தயா ஈர்க்கில் ஒன்றை எடுத்து வாவியை வரைந்தார். கோட்டைக்கு ஒரு பெட்டி, வெளிச்சவீட்டுக்கு ஒரு கோடு, பாலத்துக்கு இரண்டு கோடு. "அண்ணே, குடை தூக்கினா எஞ்சின் கொறைங்க. குடை சாய்ச்சா நிப்பாட்டுங்க. குடை மடக்கினா..." வள்ளக்காரர் முடித்து வைத்தார்: "போகலாம்." "ஹரி, ஹரி!" பேச்சு அவ்வளவுதான். பிறகு மாத்தயா கரையில் தனியாகப் போய் நின்று, வாவியைப் பார்த்து, கையை வீசி வீசித் தனக்குள் பேச ஆரம்பித்தார். ஒத்திகை! இந்தப் பயணத்தை எத்தனையோ பருவம் செய்தவர், இன்னும் ஒத்திகை பார்க்கிறார். கச்சான் தொண்டையை வறட்டிவிடும் என்று ஒரு போத்தல் கொத்தமல்லித் தண்ணீரும் வைத்திருக்கிறார். சட்டையின் முதுகு அதற்குள் நனைந்துவிட்டது. வேன் சத்தம் கேட்டதும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, தலையை வாரி, திரும்பினார். முகத்தில் வியர்வையும் இல்லை, களைப்பும் இல்லை. எப்படிச் செய்தார் என்றே தெரியவில்லை.

வந்திறங்கினார்கள். தொப்பிகள், தூரநோக்கிகள், வெயில் களிம்பின் மணம். சப்பாத்துகள் எல்லாம் ஒரு உரப்பைக்குள் போயின. இனி வள்ளத்தில் ஆள் ஏற்றும் கலையைப் பாருங்கள்! வள்ளக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுக்கிறார். கை கொடுக்கும் அந்த நொடியில் ஆளின் பாரம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நெடிய கனத்த மனிதருக்கு நடுப் பலகை, அவருடைய மெலிந்த மனைவிக்கு எதிர்ப்பக்கம், சகோதரிகள் போலத் தெரிந்த இரண்டு முதியவர்களுக்கு இடமும் வலமும். எல்லாம் ஒரு புன்னகையோடும் விரலசைவோடும். தங்களை நிறுத்துப் பார்த்துத்தான் உட்கார வைத்தார் என்று ஒருவரும் அறியவில்லை. பையன் கொம்பை ஊன்றித் தள்ள, வள்ளம் ஒரு தடவை ஆடி நேராகியது.

முதல் உரை தொடங்கியதும் நான் காதைத் தீட்டினேன். சொற்கள் ஒன்றும் பிடிபடவில்லை. இடையில் மிதந்து வரும் ஊர்ப் பெயர்களை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். பட்டிகலோவா. போர்த்துக்கல். ஹொலன்ட். கண்டி. கை கோட்டைப் பக்கம் நீண்டது, எல்லாத் தலையும் திரும்பின. அங்கே புளியந்தீவின் ஓரத்தில், வாவியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. பத்தே வருடம், 1638இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதல் கோட்டை. மாத்தயா இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய வலது கை பீரங்கியானது, இடது கை மதிலானது, மதில் சரிந்தது. முன்னால் இருந்தவர்கள் "ஓ" என்றார்கள்.

அதே நேரத்தில் என் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல். எஞ்சினின் கைப்பிடியை முழங்கையால் அணைத்தபடி வள்ளக்காரர் தமிழில் முணுமுணுக்கிறார்: "இந்தக் கோட்டைக்குள்ளதான் பிள்ளை கச்சேரி இருந்த. காணிப் பேமிட்டுக்கு நான் நடந்த நடைக்கு அந்தப் படி தேஞ்சிருக்கும். அந்தா, அந்த மூலையிலதான் அப்பாட வலை கிழிஞ்ச. கீழ கல்லுக் கிடக்கு."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இந்த வள்ளத்தில் ஓடுவது இரண்டு சுற்றுலா! முன்னுக்கு ஜேர்மனில் ஒன்று, பின்னுக்கு மட்டக்களப்புத் தமிழில் ஒன்று. முன்னால் அரசர்களும் தளபதிகளும். பின்னால் வலையும் பேமிட்டும், யார் எங்கே முழுகினார், யாருடைய கலியாணத் தோணி எந்தத் துறையில் வந்து முட்டியது என்பதும். எனக்கு ஜேர்மன் தெரிந்திருந்தால் முன்னுரையில் மூழ்கிப் போயிருப்பேன். இந்த இரண்டாவது குரல் எஞ்சின் இரைச்சலோடு போயிருக்கும். மொழி தெரியாத பயணம் வந்தால் தவறவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவது இதனால்தான்.

பாலமீன்மடுப் பக்கம் வள்ளம் திரும்பியது. கண்டல் காட்டின் வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கின்றன. அதற்கப்பால் வெளிச்சவீடு, 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். குடை உயர்ந்தது, எஞ்சின் தணிந்தது. மரங்களில் கொக்கும் நீர்க்காகமும். தூரநோக்கிகள் எல்லாம் மேலே. விருந்தாளிகளின் பாக்கியம் என்று நினைப்பார்கள், இல்லை. நம்முடைய பையன் மத்தியானம் இரண்டு மணி வெயிலில் சின்னத் தோணியில் வந்து, பறவைகள் இன்று எந்தக் கிளையில் என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு இப்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு செம்பருந்து இறங்கி மீனைக் கவ்விக்கொண்டு போனதும் முன்னால் கைதட்டல். பையன் எழுந்து நின்று, அந்தப் பருந்துக்காகத் தலை வணங்கினான்!

இந்த இடத்தில் மாத்தயாவுக்கு ஒரு நகைச்சுவை இருக்கிறது. என்ன நகைச்சுவை என்று வள்ளக்காரருக்குத் தெரியாது. ஆனால் அதன் ராகம் தெரியும். குரல் மூன்று படி ஏறும், ஒரு நொடி நிற்கும், பிறகு விழும். அது ஏறத் தொடங்கியதுமே கை தானாக எஞ்சினை அணைக்கிறது. இரைச்சல் இருந்தால் கடைசிச் சொல் தண்ணீரில் போய்விடுமாம். குரல் விழுகிற அந்த நொடியில் வள்ளக்காரர் முதலாவதாகச் சிரிக்கிறார். வாய் விட்டு, தோள் குலுங்க. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு வள்ளமே சிரிக்கிறது. "எப்படியும் நல்ல கதையாத்தான் இருக்கும்" என்றார் என்னிடம். "இல்லாட்டி இத்தனை பேர் சிரிப்பாங்களா?"

பேத்தி மட்டும் எல்லோருக்கும் முன்னால், வள்ளக்காரருக்கும் முன்னாலேயே சிரித்துவிட்டாள். அவளுக்கு ஜேர்மன் தெரியும்! அம்மா 'வாயைத் திறக்காதே' என்று சொல்லி அனுப்பியிருந்ததால் கன்னத்தை உள்ளிழுத்துக்கொண்டிருந்தவள், என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். "அவர் இப்ப முதலையப் பத்திச் சொல்லப் போறார்." அவள் சொல்லி முடியவில்லை, முன்னால் தண்ணீரில் கை அளைந்துகொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையை உள்ளே இழுத்தார்கள். எனக்குச் சிரிப்பு பொறுக்க முடியவில்லை. மாத்தயாவின் ஜேர்மன் எப்படி என்று கேட்டேன். யோசித்துச் சொன்னாள்: "டிவியில செய்தி வாசிக்கிற மாதிரி வடிவாக் கதைக்கிறார். நாங்க பள்ளிக்கூடத்தில கதைக்கிறது வேற."

கண்டலைத் தாண்டியதும் ஒரு தோணி எதிர்ப்பட்டது. உள்ளே ஒருவர் தனியாக நின்று வீச்சு வலையை முழங்கையில் மடிக்கிறார். வள்ளக்காரரின் மச்சான். "என்னகா, இண்டைக்கு எந்த நாடு?" என்று அங்கிருந்தே கூவினார். "ஜேர்மன்!" என்று இங்கிருந்து பதில். அவர் இடுப்பை ஒடித்து வலையை வீசினார். வட்டமாக விரிந்து, வெயிலில் ஒரு நொடி நின்று, விழுந்தது. கமராக்கள் எல்லாம் படபடத்தன. காட்சிக்காக வீசியது என்று எண்ணாதீர்கள், அவர் உண்மையிலேயே இறாலுக்கு நிற்கிறவர். ஆனால் இரண்டாவது தடவை வீசியது முன்னால் இருந்த சின்னப் பையன் விரலை நீட்டிக் கேட்டதற்காக. வலையில் கையளவு இறாலும் ஒரு பிளாஸ்ரிக் போத்தலும். மச்சான் போத்தலை எடுத்துத் தோணிக்குள் போட்டார். இறாலைப் பையனுக்குத் தூக்கிக் காட்டினார். பையன் என்னவோ கேட்டான். மச்சான் தமிழில் என்னவோ பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் பதில் திருப்தியாக இருந்தது, அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சூரியன் படுவான்கரைப் பக்கம் இறங்குகிற நேரம் பார்த்து எஞ்சின் நின்றுவிட்டது. குடை சாயவில்லை, மடங்கவில்லை. தானாக நின்றது. வள்ளக்காரர் எட்டிப் பார்த்து, "ஆற்றுவாழை" என்று ஒரு சொல் சொன்னார். விசிறியில் கொடி கொடியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த கணம் ஆள் இடுப்பளவு தண்ணீரில். இனி நடந்ததை நான் மூச்சு விடாமல் பார்த்தேன். மாத்தயா பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே, விருந்தாளிகளின் தலைக்கு மேலாக ஒரு பார்வை. தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு விரல் மேலே எழுந்தன. இரண்டு நிமிடமா, இரண்டு கொடியா, எனக்குத் தெரியவில்லை, மாத்தயாவுக்குத் தெரிந்தது. உடனே இரண்டு கையையும் தட்டி, அந்த முதிய சகோதரிகளிடம் என்னவோ கேட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், தொண்டையைச் செருமினார்கள், பாட ஆரம்பித்தார்கள்! ஒருவர் ஒரு வரியைத் தொடங்க, அது முடிவதற்குள் மற்றவர் அதே வரியைத் தொடங்க, பிறகு நடுப்பலகைக்காரர், பிறகு எல்லோரும். பாட்டு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி வாவியெங்கும் பரவியது. பின்னால் வள்ளக்காரர் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு கொடியை அறுத்து அறுத்து எறிகிறார். பையன் எஞ்சினைத் தூக்கிப் பிடிக்கிறான். நான் சிரட்டையால் இறைக்கிறேன். பேத்தி சுவிஸ் பள்ளிக்கூடத்தில் அதே பாட்டைப் படித்தவள் போலும், அம்மாவின் கட்டளையை மறந்து உரக்கச் சேர்ந்துகொண்டாள். எஞ்சின் சீறிக்கொண்டு உயிர்த்தபோது பாட்டை முடிக்க ஒருவருக்கும் மனமில்லை. நின்றுபோன எஞ்சினைப் பற்றி முன்னால் இருந்த யாருக்காவது ஞாபகம் இருந்திருக்குமா? நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்றே நினைத்திருப்பார்கள்.

மேற்கே சூரியன் விழவும் கிழக்கே எழுவான்கரைத் தென்னைகளுக்கு மேல் முழு நிலா ஏறவும் சரியாக இருந்தது. வாவியின் இரு கரைக்கும் மக்கள் வைத்திருக்கும் பெயர் எத்தனை பொருத்தம் என்று அந்த நேரத்தில் வள்ளத்தில் இருந்தால்தான் விளங்கும். ஐஸ் பெட்டி திறந்தது. செவ்விளநீரும் வடையும் முன்னால் போயின, காரமில்லாத சட்டி வடை. நான் என் பங்கை மறுத்துவிட்டேன்.

வள்ளம் பாலத்தை நோக்கி மெல்லப் போகையில் நான் யோசித்தேன்: மொழி தெரியாமல் இந்த வாவிக்கு வந்தவர்களின் வரிசை எவ்வளவு நீளம்! 1602இல் ஒல்லாந்துத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கி, இங்கிருந்து கண்டிக்குப் போனார். அரசன் முதலாம் விமலதர்மசூரியன் போர்த்துக்கேயரிடம் வளர்ந்தவன், அவர்களுடைய மொழியை நன்றாக அறிந்தவன். சண்டை பிடிக்க வேண்டிய எதிரியின் மொழிதான் அன்று நட்புக்குப் பாலமாயிற்று. 1814இல் வந்த மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கவில்லை. அந்தக் குறுகிய காலத்துக்குள் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் நிலா இரவில் தோணியில் போய், மீன் பாடுகிறது என்று ஊர் சொல்லும் இந்த நீரின் இசையைக் கேட்டு, 1859இல் வெளியான தன் இலங்கை நூலில் எழுதினார். மீன் இல்லை, ஊரி என்ற நத்தைதான் பாடுகிறது என்று மீனவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சென்ற நூற்றாண்டில் அமெரிக்க இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் அந்த ஒலியைக் கருவி கொண்டு பதிவுசெய்தார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கிய விபுலாநந்த அடிகளோ இதே ஒலியை 'நீரர மகளிர்' என்று பாட்டாக்கினார். வந்தவர் எல்லோரையும் இந்தத் தண்ணீர் குனிந்து காது கொடுக்க வைத்திருக்கிறது.

நாங்களும் வந்துவிட்டோம். 1924ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கம் பக்கமாக நிலவில் நிற்கின்றன. மேலே பஸ் ஓடுகிறது, மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. பௌர்ணமி விடுமுறைக் கூட்டம் கடலை கொறிக்கிறது. எஞ்சின் அணைந்தது. பையன் கொம்பைக் குத்தி வள்ளத்தை நிறுத்தினான். வள்ளக்காரர் தண்டை எடுத்து அகலமான முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, காம்பின் நுனியை முதிய சகோதரிகளில் ஒருவரின் காதோடு பொருத்தினார். மாத்தயா பேசவில்லை. மாலையில் முதல் தடவையாகக் கொத்தமல்லித் தண்ணீரைத் திறந்து, ஆறுதலாக ஒரு வாய் குடித்தார்.

தண்டு கைமாறிக் கைமாறிப் போயிற்று. சிலருக்குக் கேட்டது, சிலருக்கு இல்லை. கேட்டவரின் கண் அகலும். கேளாதவர் தலையைக் குலுக்கித் தண்டைத் திருப்பிப் பார்ப்பார். கடைசியில் எனக்கு. காம்பு நனைந்து குளிர்ந்திருந்தது. பஸ் ஒன்று போய் முடியக் காத்திருந்தேன். பிறகு கேட்டது! கிணற்றுக்குள் யாரோ தம்புராவின் ஒரு தந்தியை மட்டும் மீட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு ரீங்காரம், நின்று நின்று. நான் கத்திவிட்டேன். உடனே வள்ளத்துக்குள் பெரிய வாக்குவாதம். தவளை என்கிறார் நடுப்பலகைக்காரர், தொண்டையை உப்பிக் காட்டி. மீன் என்கிறான் பையன், வாயைத் திறந்து மூடிக் காட்டி. ஊரி என்கிறார் வள்ளக்காரர், விரலைச் சுருட்டிக் காட்டி. மூன்று மொழியில் சண்டை, எல்லோருக்கும் எல்லாம் விளங்குகிறது!

அப்போது ஒரு பெண்மணி வள்ளக்காரரைப் பார்த்து நேரே ஏதோ கேட்டார். மாத்தயா தமிழாக்கினார்: "அண்ணே, சின்ன வயசில நெறைய கேட்டதா?" வள்ளக்காரர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். நெடுநேரம் பேசினார். யுத்த காலத்தில் அந்தக் கரை ஒருவர் கையில், இந்தக் கரை வேறொருவர் கையில். இரவில் மீன்பிடிக்கத் தடை. தடை தளர்ந்த நாட்களிலும் எஞ்சின் சத்தம் கேட்டால் சுடுவார்கள் என்ற பயத்தில் தண்டு மட்டும்தான். "அந்த நாளில வாவியில ஒரு சத்தமும் இல்ல. அப்பதான் நல்லாக் கேட்ட. கேட்கக் கேட்கப் பயம் போகும். இப்ப பயமில்ல, பாலத்தில பஸ் ஓடுது. பாட்டுக் குறைஞ்ச. பரவாயில்ல, பஸ் ஓடட்டும்."

மாத்தயா கேட்டார். அவருடைய தமிழுக்கு எட்டியதை ஜேர்மனில் சொன்னார். இரண்டு வசனம். விருந்தாளிகள் தலையாட்டினார்கள்.

"இல்லை!" ஐஸ் பெட்டிமேல் பேத்தி எழுந்து நின்றுவிட்டாள். "அம்மப்பா சொன்னது அவ்வளவு இல்ல, இன்னும் இருக்கு!" வள்ளம் ஆடியது. வள்ளக்காரர் அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டார். மாத்தயா திரும்பிப் பார்த்தார், குடையை அவள் பக்கம் நீட்டினார், மேடையை ஒப்படைக்கிறவர் போல. அவள் சொன்னாள், தன் சூரிச் ஜேர்மனில். விரைந்து, தடுக்கி, கையை வீசி, துப்பாக்கி பிடித்துக் காட்டி, தண்டு வலித்துக் காட்டி. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எந்த வசனத்தில் நிற்கிறாள் என்பது மட்டும் ஒவ்வொரு நொடியும் தெரிந்தது. பஸ் வந்த இடத்தில் பாலத்தை நோக்கிக் கை காட்டினாள். எல்லோரும் நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தார்கள். மாத்தயா தன் கொப்பியைத் திறந்து நிலா வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த குழுவுக்கு இந்தக் கதை முழுதாகப் போகும்.

துறைக்கு வந்ததும் உரப்பையிலிருந்து சப்பாத்துகளைப் பிரித்துக் கொடுக்கவே பெரிய அமளி. இரண்டு பேர் மாறிப் போட்டுக்கொண்டு வேன் வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். கை குலுக்கல், படம், இன்னும் ஒரு படம். வேனின் சிவப்பு விளக்கு தென்னைக்குப் பின்னால் மறைந்ததுதான் தாமதம், மாத்தயா மணலில் பொத்தென்று அமர்ந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்தார். குரல் கட்டிப்போயிருந்தது. "அக்கே, வட தாங்க" என்று மட்டும் சொன்னார், காற்றாக.

இரண்டாவது சட்டி வந்தது! கொச்சிக்காய் கண்ணில் நீர் வரவழைத்தது. மாத்தயா ஐந்தாவது வடையில் இருந்தார். பையன் ஜாக்கெட்டுகளை நன்னீரில் முக்கி முக்கி வேலியில் எறிந்தான். மச்சானின் தோணி வந்து கரை தட்டியது. இறாலை நிறுக்கத் தராசு தேடினார்கள், கிடைக்கவில்லை, கண்மட்டத்தில் விலை பேசி முடித்தார்கள். பேத்தி பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்து, பெரிய எழுத்தில் ஜேர்மன் வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்: மெல்ல இருங்கள், கையை வெளியே போடாதீர்கள், வடை இன்னும் வேண்டுமா. வள்ளக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, அட்டையைத் தூரப் பிடித்து, ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். அவள் திருத்தினாள். மறுபடி வாசித்தார். மறுபடி திருத்தினாள்.

"நாளைக்குக் காலம எத்தினை மணிக்கு?" என்று மாத்தயாவிடம் கேட்டார் கடைசியில்.

"அஞ்சரை. பிரெஞ்சு குரூப், அண்ணே. நான் இல்ல, வேற கைட்."

வள்ளக்காரர் அட்டையைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். "பிரெஞ்சு தெரியுமா உனக்கு?"

"பள்ளிக்கூடத்தில இப்பதான் தொடங்கியிருக்கு, அம்மப்பா."

"அப்ப போய்ப் படு. அஞ்சு மணிக்கு எழுப்புவன்."